டர்ஹம் பேராலயம்

இங்கிலாந்து தேசத்தின் வடபாகத்தில் வியர் என்னும் ஆறொன்று உண்டு. கீழ்கடலை நோக்கிச் செல்லும் அவ்வாறு, ஓரிடத்திற் செங்குத்தான பாறைக் குன்றொன்றை மூன்று புறமும் வளைத்துக்கொண்டு, பின்னரே தன் வழிச் செல்கின்றது. அக்குன்றின் உச்சியில், மரச்செறிவிற்கு மேலே மூன்று கோபுரங்கள் விளங்க நிற்பது டர்ஹம் பேராலயம். யாம் அதனை நேரிற் கண்டேமல்லேம். நூல்நிலையத்திற் கிடைத்த படங்களும் கட்டட வரைபடங்களுமே எமக்குத் துணையாயின. அப்படங்களுள் எம் உள்ளத்தைக் கவர்ந்தது கோபுரம் அன்று, அதன் கூரை. ஒரு கூரையைப் பற்றியா ஆண்டு மலருக்குக் கட்டுரை வரைவது என விடுதித் தோழர் நகைத்தனர். அவர் நகைப்பிற்கு விடையாகவும் இக்கட்டுரையைக் கொள்ளலாம்.

முதற்கண் பெயரை நோக்குவோம். டர்ஹம் என்பது டன்ஹோம் என்பதன் திரிபு. டன் என்பது பழைய ஆங்கிலத்திற் குன்றினைக் குறிக்கும். ஹோம் என்பது வடகடல் நாட்டார் மொழியில் தீவினைக் குறிக்கும். எனவே, குன்றுத்தீவு என்பது பொருளாயிற்று. ஊர்ப்பெயரிலேயே, வந்தேறிய இரு சாதியாரின் மொழிகள் கலந்து கிடக்கின்றன. மூன்றாவதாக வந்த சாதியார் நார்மானியர். அவர் அவ்வூர்க்குப் பெயரிடவில்லை, பேராலயத்தை எழுப்பினர்.

ஆயினும், அவ்விடத்தை ஆலயத்திற்குரியதாக்கியவர் நார்மானியர் பிறப்பதற்கு நெடுங்காலம் முன்னரே வாழ்ந்த ஒரு துறவி. கத்பெர்ட் என்பது அவர் பெயர். லிண்டிஸ்பார்ன் தீவின் மடத்தில் அத்தியட்சராயிருந்து, பார்ன் என்னும் சிறு தீவில் தனித்து வாழ்ந்து, 687-ம் ஆண்டு மார்ச்சு மாதம் 20-ம் நாள் அவர் இறைவனடி சேர்ந்தார். பதினோராண்டு கழித்துக் கல்லறையைத் திறந்தபோது அவர் உடல் அழியாதிருக்கக் கண்டனர் என்ப. அன்றுமுதல் வடநாட்டு மக்கள் அவரைத் தம் காவலராகவே கருதினர். வடகடற் கொள்ளைக்காரர் 793-ம் ஆண்டில் லிண்டிஸ்பார்னைச் சூறையாடினர். அவர் தொல்லை மீண்டும் மிகவே, 875-ம் ஆண்டில் துறவிகள் அச்சவப்பெட்டியைத் தூக்கிக்கொண்டு தீவைவிட்டு வெளியேறினர். ஏழாண்டு அலைந்து, செஸ்டர்-லெ-ஸ்ட்ரீட் என்னும் ஊரில் நூறாண்டிற்கு மேல் தங்கி, 995-ம் ஆண்டில் மறுபடியும் புறப்பட்டு, ஈற்றில் இக்குன்றினை அடைந்தனர். வண்டி ஓரிடத்தில் அசையாது நின்றதென்றும், பெட்டியை டன்ஹோமிற்குக் கொண்டுசெல்க எனத் துறவி ஒருவர்க்குக் காட்சியில் அறிவிக்கப்பட்டதென்றும், அவ்விடம் யாதென அறியாது மயங்கியபோது, காணாமற்போன கபிலநிறப் பசுவைத் தேடிச் சென்ற ஒரு பெண்ணின் பின்னே நடந்து அதனைக் கண்டனரென்றும் ஒரு கதை வழங்குகின்றது. கதை எவ்வாறாயினும், மூன்று புறம் ஆறும் பாறைச்சரிவும் சூழ்ந்த இடம் கொள்ளைக்காரர்க்கு அஞ்சி ஓடியவர் கண்ணுக்கு எத்தகையதாய்த் தோன்றியிருக்கும் என்பதை நாம் எளிதில் உணரலாம். 998-ம் ஆண்டில் அங்கே ஒரு கற்கோயில் பிரதிஷ்டை செய்யப்பெற்றது.

இனி நார்மானியர் வருகின்றனர். 1066-ம் ஆண்டு வில்லியம் அரசன் ஆங்கிலநாட்டை வென்றான் என்பது பள்ளிச் சிறுவரும் அறிந்த செய்தி. வென்றது தென்னாட்டை; வடநாடு எளிதிற் பணியவில்லை. 1069-ம் ஆண்டின் தொடக்கத்தில் அரசன் ஏவலால் ராபர்ட் டி கொமின் என்னும் தலைவன் படையோடு டர்ஹத்திற் புகுந்தான். ஊரார் இரவு கழியுமுன் திரண்டெழுந்து அவனையும் அவன் வீரரையும் வெட்டியும் எரித்தும் கொன்றனர். அதற்கும் அதனைத் தொடர்ந்த கலகங்கட்கும் அரசன் அளித்த தண்டனை கொடிது. அவ்வாண்டின் பனிக்காலத்தில் வடநாட்டின் ஊர்களும் களஞ்சியங்களும் ஆடுமாடுகளும் உழுபடைகளும் தீக்கிரையாக்கப்பட்டன. வாளுக்குத் தப்பியவர் பசியால் மடிந்தனர். துறவியின் பெட்டி மீண்டும் லிண்டிஸ்பார்னுக்கு ஓடிப்போய், அடுத்த ஆண்டிலேதான் திரும்பிற்று. 1072-ம் ஆண்டிற் குன்றின் கழுத்துப்போன்ற வடபகுதியில் நார்மானியர் கோட்டை கட்டத் தொடங்கினர். 1080-ம் ஆண்டில், புதிய அரசால் நியமிக்கப்பெற்ற வால்கர் என்னும் அத்தியட்சர் கேட்ஸ்ஹெட் என்னுமிடத்தில் மக்கள் கூட்டத்தாற் கொல்லப்பட்டார்.

இரத்தம் உலராத இந்நிலத்திற்கு அடுத்த அத்தியட்சராய் வந்தவர் செயின்ட் காலே வில்லியம். அவர் கூரிய அறிவினர்; அரசியற் சூழ்ச்சியிலும் வல்லவர். 1083-ம் ஆண்டில், கத்பெர்ட்டின் கல்லறையைப் பரம்பரையாய்க் காத்துவந்த, மனைவி மக்களையுடைய குருமாரை நீக்கி, ஜாரோ, வியர்மவுத் மடங்களிலிருந்து 23 துறவியரைக் கொணர்ந்து அமர்த்தினார். 1088-ம் ஆண்டில் இரண்டாம் வில்லியம் அரசனுக்கெதிராக எழுந்த கலகத்தில் ஐயத்திற்கு உள்ளாகி, நார்மாண்டிக்கு ஓடி மூன்றாண்டு அங்கே வாழ்ந்தார். அந்நாட்டுப் பெருங்கோயில்களை அவர் உற்றுநோக்கியிருத்தல் வேண்டும். மீண்டு வந்ததும் பழைய கற்கோயிலை இடித்துத் தள்ளினார். 1093-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 11-ம் நாள் புதிய பேராலயத்திற்கு அடிக்கல் இடப்பெற்றது. ஸ்காத்லாந்து மன்னன் மால்கமும் அன்று உடனிருந்தான். அவன் அவ்வாண்டு நவம்பர் மாதத்தில் ஆங்கிலநாட்டின்மேற் படையெடுத்து வந்து போரில் மாண்டான். அக்கால நட்பும் பகையும் இத்தகையன!

எதன்பொருட்டு இத்துணைப் பெரிய ஆலயம்? வென்றவர் தம் வலிமையைத் தோற்றவர் கண்முன் கல்லிற் காட்ட எழுப்பிய கட்டடம் என்பர் ஒரு சாரார். பக்தியின் பெருக்கு என்பர் மற்றொரு சாரார். முன்னவர் கூற்றை மறுப்பது எளிதன்று. கோட்டையும் கோயிலும் ஒரே குன்றின்மேல் ஒன்றையொன்று நோக்கி நிற்கின்றன. அக்காலத்தில் இரண்டிற்கும் தலைவர் ஒருவராகவே இருந்தார். ஆயினும் ஒன்று சிந்திக்கற்பாலது. வென்றவர் தம் நாட்டுப் பரிசுத்தவான் ஒருவரை அங்குக் கொணர்ந்து வைத்திலர்; தோற்ற மக்களின் கத்பெர்ட்டையே கோயிலின் நடுவில் வைத்தனர். தலைவணங்கச் செய்ய வந்தவர் தாமும் தலைவணங்கவேண்டியதாயிற்று. இது தந்திரமா, பக்தியா? இரண்டும் ஒரே உள்ளத்தில் இருத்தல் கூடும் என்பதே எம் துணிபு.

வேலை கிழக்கிலிருந்து மேற்கே நடந்தது. 1096-ம் ஆண்டில் வில்லியம் இறந்தார். 1104-ம் ஆண்டிற் கிழக்குப் பகுதியாகிய பாடகர் கூடம் ஆயத்தமாகவே, கத்பெர்ட்டின் உடல் அங்கே மாற்றப்பட்டது. அப்போது பெட்டியைத் திறந்தவர், தலைமாட்டிற் கைக்கடக்கமான யோவான் சுவிசேஷப் பிரதி ஒன்றைக் கண்டனர். செந்தோல் அட்டை இன்றுங் குலையாத அந்நூல், ஐரோப்பாவிற் கட்டுமானம் சிதையாது எஞ்சிய நூல்களுள் மிகப் பழையது. 2012-ம் ஆண்டில் பிரிட்டிஷ் நூலகம் அதனை 90 லட்சம் பவுன் கொடுத்து வாங்கிற்று. அடுத்து வந்த அத்தியட்சர் ரானுல்ப் பிளாம்பார்ட், அரசனுக்கு வரிதண்டிக் கொடுத்துப் பலருடைய வெறுப்பையும் ஈட்டியவர். லண்டன் கோட்டையிற் சிறையிருந்து கயிற்றின் வழியே இறங்கித் தப்பியவர். அவர் காலத்தில் நடுக்கூடத்தின் சுவர்கள் எழுந்தன. 1128-ம் ஆண்டில் அவர் இறந்தபின், அடுத்த அத்தியட்சர் வருமுன்னர் துறவியரே கூரையை முடித்தனர். 1133-ம் ஆண்டளவிற் பணி நிறைவெய்தியது. நாற்பதாண்டு என்பது அக்காலப் பேராலயம் ஒன்றிற்கு மிகக் குறுகிய காலம். கட்டடம் முழுதும் ஒரே உள்ளத்திற் பிறந்ததுபோற் காண்பதற்கு அதுவே காரணம்.

உள்ளே நுழைவோமாக. பேராலயத்தின் முழுநீளம் 469 அடி. நடுக்கூடத்தின் இருமருங்கும் தூண் வரிசைகள் செல்கின்றன. பல சிறு தண்டுகளைச் சேர்த்துக் கட்டினாற் போன்ற தூண் ஒன்று, உருண்டு திரண்ட தூண் ஒன்று, மறுபடியும் சேர்தூண் என மாறி மாறி வருகின்றன. உருண்டைத் தூண்களின் சுற்றளவும் உயரமும் ஏறத்தாழ ஒன்றே. இரண்டும் 22 அடியளவின. இப்பருமையாற் பார்ப்பவர் நெஞ்சு அஞ்சுதற்கிடமுண்டு. ஆனால், அத்தூண்களின்மேற் சாய்சதுரங்களும், அம்புமுனை போன்ற வளைகோடுகளும், நெடுக்குப் பள்ளங்களும், திருகிச் செல்லுங் கோடுகளும் ஆழச் செதுக்கப்பட்டுள்ளன. கல்லைத் தூணில் ஏற்றிய பின்னர்ச் செதுக்கவில்லை. தரையில் வைத்தே அளவறிந்து செதுக்கி, ஒரு கல்லின் கோடு மற்றொரு கல்லின் கோட்டோடு வழுவாது சேருமாறு அடுக்கினர். திருகுகோட்டுத் தூணில் இது எத்துணை அரிய கணக்கு என்பதைக் கல்வேலை தெரிந்தவரே அறிவர்.

இனிக் கூரை. அக்காலத்து ஆங்கிலநாட்டுப் பெருங்கோயில்கள் பலவற்றில், கற்சுவர்களின்மேல் மரத்தாலான கூரையே இருந்தது. ஈலி, பீட்டர்பரோ என்னும் பேராலயங்களின் நடுக்கூடங்களை மூடுவது இன்றும் மரமே. மரம் எளிது, பாரமும் குறைவு. ஆனால், ஒரு மெழுகுவர்த்தியோ ஓர் இடியோ போதும். கான்டர்பரிப் பேராலயத்தின் பாடகர் கூடம் 1174-ம் ஆண்டில் எரிந்து பாழாயிற்று. ஆதலின், தலைக்குமேற் கல்லையே வளைத்துக் கட்டவேண்டும் என்பது கல்தச்சரின் நெடுநாள் ஆசை.

அதற்குள்ள இடர் யாது? மேலே வளைத்த கல் கீழ்நோக்கி மட்டும் அழுத்துவதில்லை, பக்கவாட்டிலும் தள்ளும். சுவர் அதனைத் தாங்காதாயின் சாயும். சுவரைப் பருமனாக்கிக்கொண்டே போனால் சாளரம் வைக்க இடமிராது, கோயில் குகையாகிவிடும். இதற்கு டர்ஹத்துக் கல்தச்சர் கண்ட வழி விலாவளைவு. ஒவ்வோர் அங்கணத்தின் நான்கு மூலைகளிலிருந்தும் இரண்டு கல்வளைவுகளை எதிர்மூலைகட்குச் செலுத்தி, நடுவில் ஒன்றையொன்று வெட்டுமாறு அமைத்தனர். உடம்பிற்கு விலாவெலும்புபோல இவை கூரைக்கு ஆயின. இவற்றிடையேயுள்ள வெற்றிடங்களைச் சிறுகற்களாலும் சுண்ணச்சாந்தாலும் மூடினர். பாரம் பெரும்பான்மையும் மூலைகளில் வந்து இறங்குதலின், தூணுள்ள இடங்கள் வலிதாயிருந்தாற் போதும். இடையிலே சாளரம் வைக்கலாம்.

ஆனால் இதிலும் ஒரு சிக்கல் உண்டு; அதனை யாம் நூலிற் படித்தபோது விளங்கிக்கொண்டேமல்லேம். விடுதி அறையின் தரையில் 3 சாண் அகலமும் 4 சாண் நீளமும் உள்ள நீள்சதுரம் ஒன்று வரைந்து, தென்னை ஈர்க்குகளை அரைவட்டமாக வளைத்து மூலைகளில் ஊன்றிப் பார்த்தபின்னரே விளங்கிற்று. அரைவட்டத்தின் உயரம் அதன் அகலத்திற் பாதி. 3 சாண் அகலத்தின்மேல் வளைத்த ஈர்க்கு ஒன்றரைச் சாண் எழும். 4 சாணின்மேல் வளைத்தது இரண்டு சாண் எழும். மூலைக்கு மூலை 5 சாண் ஆதலின், அதன்மேல் வளைத்தது இரண்டரைச் சாண் எழுந்து நிற்கும். மூன்று வளைவும் மூன்று உயரத்தில் நின்றால் கூரை எவ்வாறு சமனாகும்? ஒவ்வோர் அங்கணமும் நடுவிற் புடைத்துத் தனித்தனிக் குடைபோல் நிற்கும். டர்ஹத்தின் கிழக்குப் பகுதியில் வேலைசெய்தவர் இதனை அறிந்து இடர்ப்பட்டனர். மூலைவளைவைத் தாழ்த்தித் தட்டையாக்கியும், குறுகிய வளைவின் அடியில் நேராகக் கற்களை வைத்து உயர்த்தியும் ஒருவாறு ஒப்பேற்றினர். ஒப்பேற்றினர் என்று யாம் கூறுவது இகழ்ச்சியன்று. அவர்க்கு முன்னே பின்பற்றுவதற்குரிய வழியொன்றும் இல்லை.

நடுக்கூடத்திற்கு வந்தபோது, முப்பதாண்டுப் பழக்கத்தின் பயனாக வேறொரு வழி பிறந்தது. கூடத்தின் குறுக்கே சேர்தூணிலிருந்து சேர்தூணுக்குச் செல்லும் பெருவளைவுகளை அரைவட்டமாக்காமல், இரு வட்டத்துண்டுகள் உச்சியிற் கூடி முனையுறுமாறு அமைத்தனர். இதுவே கூர்வளைவு. அரைவட்டத்தின் உயரத்தை அகலம் கட்டிவைக்கின்றது, கூர்வளைவிற்கு அக்கட்டில்லை. அதே அகலத்தின்மேல் வேண்டும் உயரத்திற்கு அதனை எழுப்பலாம், தாழ்த்தலாம். எம் ஈர்க்குகளை முறித்து இரண்டிரண்டாகச் சாய்த்து வைத்தபோது, மூன்றும் ஒரே உயரத்திற்கு வந்தன. நகைத்த தோழரும் அருகே வந்து அமர்ந்தனர். டர்ஹத்தின் நடுக்கூடத்திற் கூரை 73 அடி உயரத்தில், கிழக்கு நோக்கி ஒரே ஓட்டமாய்ச் செல்வது இதனாலேயாம்.

கூர்வளைவு டர்ஹத்தில் முதன்முதற் றோன்றியதன்று. இஸ்லாமிய நாடுகளில் அது நெடுங்காலம் முன்னரே உண்டு. பிரெஞ்சு நாட்டின் பர்கண்டிப் பகுதியிலும் வழங்கிற்று. விலாவளைவிற்கும் வட இத்தாலியும் நார்மாண்டியும் உரிமை கோருவதுண்டு. எது முந்தியது என அறிஞர் இன்றும் வழக்கிடுவர். ஆயினும், பெரியதோர் ஆலயத்தின் உயர்கூரை முழுவதையும் விலாவளைவாற் கட்டத் துணிந்ததும், அதனோடு கூர்வளைவைக் கூட்டியதும் டர்ஹத்திற்குப் பெருமை தருவன. கோதிக் சிற்பமுறை தோன்றிய இடமெனப் பெரும்பாலோர் கூறும் பாரிசு அருகிலுள்ள சேன் தெனி ஆலயத்தின் கிழக்குப் பகுதி 1140-ம் ஆண்டிலேதான் தொடங்கப்பெற்றது.

பக்கவாட்டிலுள்ள தள்ளுதலை என் செய்தனர்? நடுக்கூடத்தின் இருபுறமும் பக்கக்கூடங்களின்மேல் மாடிகள் உண்டு. அவற்றின் சாய்கூரைக்குள்ளே, கீழ்நின்று காண்பார் கண்ணிற் படாதவாறு, கால்வட்ட வளைவுகளை எழுப்பி உயர்சுவருக்கு முட்டுக் கொடுத்தனர். பிற்காலத்துக் கோதிக் பேராலயங்களில் வெளியே பறப்பனபோல் நிற்கும் முட்டுவளைவுகளுக்கு இவற்றை மூதாதையர் எனலாம். இங்கே அவை கூரையின் கீழ் ஒளிந்து நிற்கின்றன.

இத்தனையுஞ் செய்தவர் யாவர்? அத்தியட்சர் பெயர்களை வரலாறு ஒன்றுவிடாது உரைக்கின்றது. அடிக்கல் இட்ட நாளையும் உரைக்கின்றது. கூர்வளைவை அங்கே வைக்கலாம் என்று எண்ணிய தலைமைக் கல்தச்சன் பெயரை எவரும் எழுதிவைத்திலர். அவன் நார்மானியனா, தந்தையைப் பனிக்காலப் பஞ்சத்திற் பறிகொடுத்த வடநாட்டானா என்பதற்கும் சான்றில்லை. எமக்கு இது பெருங்குறையாகவே தோன்றுகின்றது.

அவன் முன்னோரின் முயற்சி முழுதும் நிலைத்ததெனவும் எண்ணற்க. பாடகர் கூடத்தின் முதற்கூரை விரிசல் விடவே, 13-ம் நூற்றாண்டில் அதனை நீக்கி வேறு கட்டினர். 1242-ம் ஆண்டில், கீழ்க்கோடியின் பழைய அரைவட்டச் சுவரை அகற்றி, ஒன்பது பலிபீடங்களையுடைய உயர்ந்த கூடமொன்றைக் கோதிக் முறையில் தொடங்கினர். மேற்குப் புறத்தில் ஹியூ டி பூசே என்னும் அத்தியட்சர் 12-ம் நூற்றாண்டிற் கட்டிய கலிலேயா மண்டபம் மெல்லிய தூண்களும் கொடுக்கொடுக்காய்ச் செதுக்கிய வளைவுகளும் உடையது. அன்னை மரியாளுக்குரிய அதனை அவர் முதலிற் கிழக்கிலேயே கட்டத் தொடங்கினார். நிலம் உறுதியின்மையாற் சுவர் வெடித்தது. கத்பெர்ட் பெண்கள் தம் அருகே வருதலை விரும்பாமையின் அடையாளம் அது என்றனர் துறவியர். நடுக்கூடத்தின் மேற்குப் பகுதியிற் பதித்த கருங்கல் வரையைத் தாண்டிப் பெண்கள் செல்லலாகாது என்பது அவர் விதி. கத்பெர்ட்டின் வாழ்க்கையை எழுதிய பீட் என்னும் பேரறிஞரோ, அவர் மடத்துத் தலைவியரோடு நட்புப் பூண்டு உரையாடியதையே எழுதுகின்றார். மனைவியருடைய குருமாரைத் துரத்தியவர்கள் பின்னர்ப் பரிசுத்தவான் தலையில் ஏற்றிய பழி இது என்றே யாம் கருதுகின்றோம். அந்தப் பீட் என்பவரின் எலும்புகளும் இக்கலிலேயா மண்டபத்திலேயே உள்ளன. ஜாரோவிலிருந்து டர்ஹத்தார் ஒருவர் அவற்றைக் களவாகக் கொணர்ந்தார் என்பது துறவியரே மறையாது கூறிய செய்தி.

வடவாயிற் கதவிற் கோரமுகம் ஒன்று வளையத்தைக் கவ்விக்கொண்டிருக்கின்றது. முற்காலத்தில், கொலைக்குற்றத்திற் சிக்கியவனும் இவ்வளையத்தைப் பற்றினால் 37 நாள் வரை ஆலயத்தில் அடைக்கலம் பெற்றான். அதற்குள் மன்னிப்புப் பெறவேண்டியிருந்தது, அன்றேல் நாட்டைவிட்டு நீங்கவேண்டியிருந்தது. இன்று கதவிலிருப்பது படி. 12-ம் நூற்றாண்டின் மூலம் உள்ளே காப்பாக வைக்கப்பெற்றுள்ளது.

அடைக்கலம் அளித்த அதே கூடம் சிறையாயும் ஆனது. 1650-ம் ஆண்டு செப்டம்பர் மாதம் 3-ம் நாள் டன்பார்ப் போரில் கிராம்வெல் ஸ்காத்லாந்தியரை முறியடித்தார். சிறைப்பட்டோர் நூறு மைல் நடத்திக் கொண்டுவரப்பட்டு, ஏறத்தாழ 3,000 பேர் இப்பேராலயத்தில் அடைக்கப்பட்டனர். நோயாலும் பசியாலும் குளிராலும் சுமார் 1,700 பேர் மாண்டனர். குளிர் தாங்காது உள்ளிருந்த மரச்சாமான்களை எரித்தனர் என்ப. காஸ்டெல் தலைவரின் பெரிய மணிக்கூண்டை மட்டும், அதிலே தம் நாட்டு முட்செடியின் உருவம் செதுக்கப்பெற்றிருந்தமையால் தொடவில்லை என்பது கர்ணபரம்பரை. இறந்தவர் எங்கே புதைக்கப்பட்டனர் என்பது நெடுங்காலம் மறைந்துகிடந்தது. 2013-ம் ஆண்டில் அருகிலுள்ள நூலகத்தின் முற்றத்தைத் தோண்டியபோது எலும்புக் குவியல்கள் வெளிப்பட்டன; ஆராய்ந்து அச்சிறைவீரருடையவை எனத் தெளிந்து, 2018-ம் ஆண்டில் டர்ஹத்திலேயே மீள அடக்கம் செய்தனர்.

போரினும் சீர்திருத்தம் சில வேளை கொடிது. 18-ம் நூற்றாண்டின் இறுதியில், ஆலயத்தைச் செப்பஞ் செய்யப் புகுந்தோர் வெளிச்சுவரின் முகத்தைச் சில அங்குலம் சீவித் தள்ளினர். 1796-ம் ஆண்டில் துறவியர் மன்றத்தின் கீழ்க்கோடியை இடித்தனர். கலிலேயா மண்டபத்தையும் இடித்து வண்டிப்பாதை அமைக்க எண்ணினர். நல்லூழாக அது தடுக்கப்பெற்றது. 1986-ம் ஆண்டில் பேராலயமும் கோட்டையும் உலக மரபுச் சின்னங்களுள் வைத்து எண்ணப்பெற்றன.

கத்பெர்ட்டின் பொன்மணி அழுத்திய சமாதிமேடை எட்டாம் ஹென்றி அரசன் காலத்திற் சிதைக்கப்பட்டது. 1539-ம் ஆண்டின் இறுதியில் மடமும் அரசன் கைப்பட்டது. பொன்னையும் மணியையும் கொண்டுபோயினர். உடலைத் துறவியர் அதே இடத்திற் புதைத்தனர். 1827-ம் ஆண்டில் அதனை மறுபடி திறந்தவர், எலும்போடு கிடந்த செம்மணி இழைத்த பொற்சிலுவை ஒன்றைக் கண்டனர். ஆயிரம் ஆண்டிற்கு மேலாக எவர் கண்ணிலும் படாது அவர் மார்பிற் கிடந்தது அது. இப்போது உயர்பீடத்தின் பின்னே, தரையோடு தரையாய் ஒரு பலகைக்கல் மட்டும் உள்ளது. அதிற் பட்டமில்லை, ஆண்டில்லை, புகழுரையில்லை. கத்பெர்ட்டஸ் என்ற பெயர் மட்டும் வெட்டப்பட்டிருக்கின்றது.